பெர்பர் கம்பளங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொராக்கோவுக்குச் சுற்றுலா போகப்போகிறவர்கள், போய்க் கடைக்காரரிடம் மாட்டிக்கொண்டு திரும்பியவர்கள், வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட கம்பளத்தை இணையத்தில் பார்த்துவிட்டு விலையைக் கண்டு மலைத்தவர்கள் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். தெரிந்ததைக் கீழே எழுதியிருக்கிறேன். கம்பளத்தை வைத்துச் சொல்லப்படும் கதைகளைவிட அதன் கம்பளியும் பின்பக்கமும்தான் அதிக உண்மை சொல்லும் என்பது என் கட்சி, அதனால் அந்தப் பக்கமே அடிக்கடி போவேன்.

பெர்பர் கம்பளம் என்று எதைச் சொல்கிறோம்?

வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளான பெர்பர் மக்கள் தங்கள் வீட்டுக்காக நெய்த கம்பளங்களை. அவர்கள் தங்களை அமாசிக் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுடைய மொழி 2011 அரசியலமைப்பின்படி மொராக்கோவில் ஆட்சிமொழியும்கூட. அல்ஜீரியா, துனிசியா, லிபியா எங்கும் இந்த மக்கள் இருக்கிறார்கள், நெசவும் இருக்கிறது. ஆனால் உலகச் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி மொராக்கோவின் அட்லஸ் மலைகளிலிருந்தும் அதை ஒட்டிய சமவெளிகளிலிருந்தும் வருவதால், இந்தப் பக்கத்திலும் மொராக்கோதான் அதிகம் வரும்.

ஒன்றை மட்டும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பதக்கம், சுற்றிலும் பூவேலை வைத்த கரை என்று துருக்கிச் சாயலில் இருக்கும் ரபாத் கம்பளங்கள் நகரத்துப் பட்டறைகளில் பிறந்தவை. அதுவும் மொராக்கோதான், ஆனால் வேறு பரம்பரை.

கார்ப்பெட் கடையில் சுருளாக வைத்து 'பெர்பர்' என்று விற்கிறார்களே, அதுவா இது?

இல்லை. அது நைலானிலோ பாலிப்ரோப்பிலீனிலோ மெஷின் போட்ட வளைய நெசவு, சுவருக்குச் சுவர் ஒட்டுவதற்கானது. சாயம் போடாத கம்பளியின் புள்ளிப்புள்ளித் தோற்றத்தைப் பின்பற்றியதால் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

தரையில் விரிக்கத்தானே நெய்தார்கள்?

பாதிதான் சரி. பெனி உராயின் கம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அட்லஸின் வடகிழக்கில், 3000 மீட்டருக்கு மேல் எழும் மலைகளைச் சுற்றி ஆடு மேய்த்த பல குடிகளின் கூட்டத்துக்குத்தான் பெனி உராயின் என்று பெயர். குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டும். அந்த வீட்டுக்கும் கூடாரத்துக்கும் தேவைப்பட்டது படுக்கவும் போர்த்தவும் ஒன்று. அதனால் கம்பளத்தின் மயிர் நீளமாக, தடிமனாக இருக்கும். அதே சமயம் மடித்துக் கழுதை மேல் ஏற்றும் அளவுக்குத் துவளும். மயிர்ப்பக்கத்தை உடம்பின் மேல் படும்படி கீழ்நோக்கிப் போட்டுப் போர்த்திக்கொள்வதும் வழக்கம். இன்று நாம் பெருமையாக மேலே காட்டுகிற பக்கம், அவர்களுக்கு உள்பக்கம்.

பெனி ம்கில்ட் குடியினர் குளிருக்கு மயிர்ப்பக்கம், வெயிலுக்குத் தட்டைப்பக்கம் என்று ஒரே கம்பளத்தைப் புரட்டிப் பயன்படுத்தினார்கள். இதுபோக மெத்தை உறை, சேணத்தின் மேல் போடும் விரிப்பு, தானியச் சாக்கு, கூடாரத் துணி என்று கம்பளியில் நெய்யாதது எதுவும் இல்லை. கூடாரத்தின் நீளப் பட்டைகளுக்கு மட்டும் கம்பளியோடு ஆட்டுரோமம், சில இடங்களில் ஒட்டக ரோமம் சேரும். ஆட்டுரோமம் நனைந்தால் ஊதி இடைவெளியை அடைத்துக்கொள்ளும், மழை உள்ளே இறங்காது.

எல்லாமே மயிர் வைத்த கம்பளங்கள்தானா?

இல்லை. ஜர்பியா என்பது முடிச்சுப் போட்ட மயிர்க்கம்பளம். ஹன்பெல் என்பது தட்டை நெசவு, நம் வீட்டு ஜமக்காளம் மாதிரி, ஆனால் கம்பளியில். ஸெம்மூர் குடியினரின் சிவப்பு ஹன்பெல்களில் வேலைப்பாடு அவ்வளவு நுணுக்கமாக இருக்கும். என்னைக் கேட்டால் மொராக்கோவில் கையால் செய்யும் மிகக் கடினமான நெசவு அதுதான், ஆனால் மென்மையான மயிரைத் தேடி வருகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரே கம்பளத்தில் மயிர், தட்டை நெசவு, முறுக்கு நெசவு மூன்றும் மாறி மாறி வருவதும் உண்டு, அதைச் சந்தையில் கிளாவுவா என்பார்கள். மர்ரகேஷைப் பல ஆண்டுகள் ஆட்டிப்படைத்த கிளாவி குடும்பத்தின் பெயர் அது. நெய்தவர்கள் சிருவா மலையைச் சுற்றியுள்ள அயித் வாவுஸ்கித் பெண்கள்.

அப்புறம் ஹந்திரா. வெள்ளைக் கம்பளியில் வரிசை வரிசையாக ஜிகினாப் பொட்டு தைத்த தோள்போர்வை, கல்யாணத்தோடு சேர்ந்தது. இப்போது அதை வெட்டித் தலையணை உறை ஆக்கி விற்கிறார்கள்.

கம்பளி எங்கிருந்து வருகிறது? எப்படித் தயாராகிறது?

வேலையில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது. தறியில் உட்காருவது கடைசிப் பகுதி.

வசந்தத்தில் ஆடுகளுக்கு ரோமம் கத்தரிப்பார்கள். மத்திய அட்லஸில் திமஹ்தித் என்ற ஊரின் பெயரால் அறியப்படும் ஆட்டினமே உண்டு. சிருவா மலை ஆடுகளின் ரோமம் நீளம், பளபளப்பு. தொட்டுப் பார்த்தாலே தெரியும். கத்தரித்த ரோமத்தை ஓடைக்கு எடுத்துப்போய், நுரை வரும் ஒரு வேரைப் போட்டு, கட்டையால் அடித்துக் கழுவுவார்கள். கொஞ்சம் எண்ணெய்ப்பசை மிஞ்ச வேண்டும், முழுக்கப் போய்விட்டால் நூல் உயிரற்று உடையும். காய்ந்ததும் தரம் பிரிப்பது. நீளமான இழைகளை இரும்புப் பல் வைத்த சீப்பில் வாரி எடுத்து இறுக்கமாக நூற்றால் அது பாவு நூல், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் நூல். அது அறுந்தால் எல்லாம் போச்சு என்பதால் மிக நல்ல ரோமம் அதற்குத்தான். குட்டை இழைகளை, ஆணி அடித்த இரண்டு பலகைகளுக்கு நடுவே இழுத்துப் பஞ்சுபோலாக்கித் தளர்வாக நூற்றால் ஊடைக்கும் (குறுக்கே ஓடும் நூல்) மயிருக்கும் ஆகும். நூற்பது தக்ளியில். பேசிக்கொண்டே, ஆடு பார்த்துக்கொண்டே நூற்கும் கிழவிகளை மலையூர்களில் இன்றும் பார்க்கலாம். கையால் நூற்ற நூல் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்திருக்கும், நிறத்தையும் சமமாகக் குடிக்காது. பழைய கம்பளத்தின் ஒரே சிவப்புக்குள் நாலு சிவப்பு தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்று விற்பனைக்காக நெய்வதில் பாதிக்கு மேல் வேலையைத் தவிர்க்க வழி இருக்கிறது: ஆலையில் நூற்ற கம்பளி, இறக்குமதிக் கம்பளி, பருத்திப் பாவு. பருத்திப் பாவு போட்டால் கம்பளம் விறைப்பாக, தட்டையாக, நேராக வரும். வாங்குகிறவர்களுக்கு அது பிடிக்கிறது. குறை என்று சொல்லமாட்டேன், ஆனால் கம்பளிப் பாவு என்று சொல்லி அதை விற்றால் குறைதான்.

'உயிர்க் கம்பளி', 'செத்த கம்பளி' என்கிறார்களே?

உயிருள்ள ஆட்டிலிருந்து கத்தரித்தது உயிர்க் கம்பளி. அறுத்த ஆட்டின் தோலைப் பதனிடும்போது சுண்ணாம்பு வைத்துக் கழற்றி எடுப்பது செத்த கம்பளி. இரண்டாவது மலிவு, மங்கலாக இருக்கும், சீக்கிரம் உடையும், உதிர்ந்துகொண்டே இருக்கும். ஃபெஸ், மர்ரகேஷ் தோல் பட்டறைகளிலிருந்து அது நூலாகிச் சந்தைக்கு வருகிறது. உள்ளங்கையால் மயிரை நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். நல்ல கம்பளியில் லேசான பிசுபிசுப்பும் மினுமினுப்பும் இருக்கும். செத்த கம்பளி வறண்டு சொரசொரக்கும், கை நிறைய தூசு மாதிரி வரும்.

ஆடுகளே குறைந்து வருகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொடர் வறட்சியில் மந்தைகள் இளைத்ததால் 2025 பக்ரீத்துக்கு ஆடு அறுப்பதைத் தவிர்க்கும்படி மன்னர் ஆறாம் முகமதே நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார்.

தறி எப்படி இருக்கும்?

செங்குத்துத் தறி. இரண்டு நிமிர்ந்த மரங்கள், அவற்றுக்குக் குறுக்கே மேலும் கீழும் இரண்டு உருளைகள், பாவு நூல்களைப் பிரித்து ஊடைக்கு வழிவிடும் ஒரு விழுதுக் குச்சி. மொத்தமும் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைக்கக்கூடியது.

பாவு ஓடுவது தறியில் அல்ல, வெளியே தரையில். இரண்டு முளைகளை அடித்து, ஆளுக்கொரு முளையடியில் ஒரு பெண் உட்கார, மூன்றாவது பெண் நூல் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு இங்கும் அங்கும் நடப்பாள். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்திருப்பவள் அந்த நூலை ஒரு முறுக்குக் கயிற்றால் பிணைத்து இடம் மாறாமல் பூட்டுவாள். ஒரு நூல் தளர்ந்து போனால் பிறகு கம்பளமே ஒரு பக்கம் சுருக்கிக்கொள்ளும். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி முடிக்கும் வேலை இது, தனியாளால் ஆகாது. முடிந்ததும் முளையைப் பிடுங்கி, பாவை அப்படியே தூக்கிப்போய் உருளைகளில் கட்டுவார்கள்.

நெய்வது கீழிருந்து மேலே. இரண்டு பாவு நூல்களைச் சுற்றி மயிர் நூலை முடிந்து, கத்தியால் அறுத்து, அடுத்த முடிச்சு. ஒரு வரிசை முடிந்ததும் ஊடை ஓட்டி, கனமான இரும்புச் சீப்பால் தட்டி இறக்குவார்கள். அந்தத் 'தட் தட்' சத்தம் தெருவரை கேட்கும். முடிச்சு வரிசைகளுக்கு நடுவே ஊடை பல தடவை ஓடும். நாலு, எட்டு, அதற்கு மேலும்கூட. மயிர் நீளமாக இருப்பதால் அது கீழே படிந்து அந்த இடைவெளியை மூடிவிடும். நுணுக்கமான பாரசீகக் கம்பளத்தில் சதுர மீட்டருக்குப் பல லட்சம் முடிச்சு என்றால், இங்கே சில ஆயிரம் முதல் சில பத்தாயிரம். அதை வைத்துத் தரம் குறைவு என்று முடிவு கட்டுவது தவறு. நெருக்கமான முடிச்சு இந்த மலைக்குத் தேவையே இல்லை, கம்பளம் பலகை மாதிரி விறைத்துவிடும், போர்த்திக்கொள்ள முடியாது.

நெய்த பகுதி கீழ் உருளையில் சுருண்டுகொண்டே போகும். ஆக நெய்கிறவள் ஒரு நேரத்தில் பார்ப்பது ஒரு முழ அகலப் பட்டையை மட்டும். கையில் வரைபடமும் கிடையாது. பழைய கம்பளங்களில் கட்டங்கள் போகப்போகப் பெரிதாவதும், ஓரிடத்தில் நிறம் திடீரென்று மாறுவதும், ஒரு பக்கம் அகலம் குறுகுவதும் இதனால்தான். நூல் தீர்ந்தால் இருப்பதைப் போட்டு நெய்வாள்.

ஒரு கம்பளம் நெய்ய எவ்வளவு நாள் ஆகும்?

சமையல், பிள்ளைகள், ஆடு, வயல் எல்லாவற்றுக்கும் நடுவே நெய்வதால் நாள்கணக்கு சொல்வது கஷ்டம். இரண்டுக்கு மூன்று மீட்டர் அளவு, இரண்டு பெண்கள் உட்கார்ந்தால், நெசவு மட்டும் சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதம். கழுவி நூற்பதும் சேர்ந்தால் ஒரு பருவம் முழுக்கப் போகும்.

ஆண்கள் நெய்வதே இல்லையா?

மலையூர்களில் கம்பளத் தறி பெண்களுடையது. தாயிடமிருந்து மகளுக்குப் போகும். நகரங்களில் படுக்கைத் தறியில் ஜெல்லாபா அங்கிக்கான துணி, போர்வைகள் நெய்வது ஆண்கள். மத்திய அட்லஸில் வீடு வீடாகப் போய் வடிவம் அமைத்துக் கொடுக்கும் ஆண் கைவினைஞர்களும் ஒரு காலத்தில் இருந்தார்கள், ரக்காம் என்று பெயர். ஊர்த்தலைவர் வீட்டுக்கு வேண்டிய பெரிய கம்பளம் என்றால் அவரை வரவழைப்பார்கள்.

தறிக்கு உயிர் உண்டு என்று நம்புகிறார்களாமே?

ஆமாம், இது கடைக்காரர் கட்டிய கதை இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எட்வர்ட் வெஸ்டர்மார்க், எமில் லாவூஸ்த் போன்ற ஐரோப்பிய ஆய்வாளர்கள் நேரில் பார்த்து இப்படிப்பட்ட பழக்கங்களை எழுதி வைத்திருக்கிறார்கள். பாவு தறியில் ஏறியதும் அதற்கு உயிர் வந்துவிடுகிறது. வளர்கிறது, மூப்படைகிறது. நெய்து முடித்து அறுக்கும்போது சாகிறது. அறுக்கும்முன் தண்ணீர் தெளித்து, இறந்தவருக்குச் சொல்வது போலப் பிரார்த்தனை சொல்வது சில பகுதிகளில் வழக்கம். திருமணம் வரை கன்னிமை காக்கும் கட்டாக, சிறுமியைப் பாவு நூல்களுக்கு நடுவே நுழைந்து வரச் செய்யும் சடங்கும் உண்டு. வாழ்நாளில் நாற்பது கம்பளம் நெய்தவளுக்குச் சொர்க்கம் உறுதி என்று ஒரு பேச்சும் உண்டு. நாற்பது கம்பளத்துக்கு எத்தனை ஆட்டு ரோமம் கழுவி நூற்க வேண்டும் என்று யோசித்தால் சொர்க்கம் நியாயமான கூலிதான்.

இப்போது கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில், சம்பளத்துக்கு நெய்கிறவர்கள் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்கிறார்களா என்றால், இல்லை. சில வீடுகளில் இருக்கிறது, பல வீடுகளில் பாட்டியோடு போய்விட்டது.

வைரக்கட்டம், வளைகோடு, கண்... ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் உண்டா?

இதற்கு நேர்மையான பதில்: கொஞ்சம் உண்டு, சொல்லப்படுகிற அளவுக்கு இல்லை. வைரக்கட்டத்தைக் கண் என்றும், அதைத் திருஷ்டி தடுக்க வைப்பது என்றும் சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். சீப்பு, வாற்கோதுமை மணி, பார்லிக் கதிர், போர்வையைத் தோளில் பூட்டும் முக்கோண ஊசி, கை, ஆட்டுக்கால் தடம் என்று வடிவங்களுக்குப் பெயர்களும் இருக்கின்றன. ஆனால் ஒரே வடிவத்துக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் வேறு பெயர். கருப்பை, பிரசவம், கணவனோடு சண்டை என்று ஒரு கம்பளத்தையே நாட்குறிப்பாக வாசித்துக் காட்டுவார் கடைக்காரர். நெய்தவளைக் கேட்டால் 'என் அம்மா இப்படிப் போடுவாள், நானும் போட்டேன்' என்பாள். சாய்கோட்டை முடிச்சில் போடுவது எளிது, வட்டத்தைப் போடுவது கஷ்டம் என்ற சங்கதியும் இருக்கிறது. கட்டம் கட்டமாக வருவதில் பாதி அந்தக் கணக்கு.

ஊருக்கு ஊர் எப்படி அடையாளம் காண்பது?

பெனி உராயின் சொல்லிவிட்டேன்: தந்தநிற வெள்ளை, சாயம் போடாத பழுப்புக் கோடுகள். அசிலால், உயர் அட்லஸைச் சேர்ந்தது; வெள்ளைத் தளம்தான், ஆனால் அதன் மேல் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கிறுக்கல் மாதிரி வண்ணம், மயிரும் மெலிது. பெனி ம்கில்ட் தடித்த மயிர், அடர்சிவப்பு, நீலம், ஊதா. பூஜாத் பக்கம் ரோஜா, செம்மஞ்சள், வெங்காய நிறம்; அரபு, பெர்பர் என்று பிரிக்க முடியாத கலப்பு. ஹவுஸ் சமவெளியின் ரஹாம்னா கம்பளங்கள் சிவப்பு வெளியில் கட்டுப்பாடே இல்லாமல் ஓடும் வடிவங்கள். எனக்கு மிகவும் பிடித்தவை, காரணம் கேட்காதீர்கள். தஸ்னாக்த் பக்கம் மஞ்சளும் செம்மஞ்சளும் பளிச்சென்று இருக்கும், கம்பளி மினுங்கும்.

மொராக்கோவுக்கு வெளியே, அல்ஜீரியாவில் ஜெபல் அமூரின் சிவப்பு கறுப்புக் கம்பளங்கள், கபிலியாவில் அயித் ஹிஷெம் ஊரின் தட்டை நெசவு, கர்தாயா ஊரின் கம்பளங்கள். துனிசியாவில் மெர்கூம் என்ற தட்டை நெசவும், ஒட்டகமும் மனித உருவமும் வரும் கஃப்சா விரிப்புகளும்.

ஒரு எச்சரிக்கை. இன்று சந்தையில் குடிப்பெயர் என்பது பெரும்பாலும் பாணியின் பெயர். பெனி உராயின் பாணியை மொராக்கோவின் எந்த மூலையிலும் நெய்வார்கள்.

பூஷெர்வீத் என்பது?

கந்தல் கம்பளம். ஆடு மேய்ப்பது குறைந்து, கம்பளி விலை ஏறி, பழைய துணியும் செயற்கை இழையும் மலிவாகக் குவிய ஆரம்பித்த 1960, 70களிலிருந்து பரவியது. கிழிந்த சட்டை, பனியன், ஸ்வெட்டர், பிளாஸ்டிக் சாக்கு எதையும் கிழித்துப் பட்டையாக்கி, அதே முடிச்சைப் போடுவார்கள். ஏழை வீட்டுப் பொருள் என்று நெய்தவர்களே விருந்தாளி வந்தால் ஒளித்து வைத்தது, இப்போது ஐரோப்பியக் கலைக்கூடங்களில் சுவரில் தொங்குகிறது. குடிமரபு, சடங்கு எதுவும் இதற்குக் கிடையாது என்பதாலோ என்னவோ, நிறத்தில் இவ்வளவு துணிச்சல் வேறு எந்த வகையிலும் இல்லை.

சாயம் எல்லாம் இயற்கையா?

மஞ்சளுக்குக் குங்குமப்பூ, பச்சைக்குப் புதினா, சிவப்புக்குப் பாப்பிப் பூ என்று ஒரு பாட்டு மர்ரகேஷில் பாடுவார்கள். நம்பாதீர்கள். புதினாவில் நிலைக்கும் பச்சை வராது. பச்சை வேண்டுமென்றால் மஞ்சளில் முக்கி அவுரியில் முக்க வேண்டும். குங்குமப்பூ தலியூயின் பக்கம் விளைகிறது உண்மைதான், ஆனால் அது விற்கிற விலைக்குக் கம்பளத்தில் கொட்ட யார் வீட்டில் இருக்கிறது? உண்மையான பழைய சாயங்கள் இவை: சிவப்புக்கு நம் மஞ்சிட்டிக்கு உறவான ஒரு செடியின் வேர், நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்குக் காட்டுச் செடிகளும் மாதுளைத் தோலும், செம்பழுப்புக்கு மருதாணி, பழுப்புக்கு வால்நட் பட்டை. நிறம் பிடிக்கப் படிகாரம்.

செயற்கைச் சாயம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே மொராக்கோவுக்கு வந்துவிட்டது. ஆக 'பாட்டி காலத்துக் கம்பளம், அதனால் இயற்கைச் சாயம்' என்ற கணக்கே செல்லாது. ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். நிறம் துணிக்கு வந்தால் அது தரையிலும் இறங்கும்.

'கள்ளிப் பட்டு' விரிப்பு வாங்கலாமா?

சப்ரா என்ற பெயரில், பாலைவனக் கற்றாழையிலிருந்து எடுத்த பட்டு என்று சொல்லி விற்பது ஏறக்குறைய எல்லாமே விஸ்கோஸ். பிடித்திருந்தால் விஸ்கோஸ் விலைக்கு வாங்குங்கள். ஒரு இழையைக் கொளுத்தினால் காகிதம் எரியும் வாடை வரும். கம்பளி என்றால் தலைமுடி கருகும் நாற்றம், நொறுங்கும் சாம்பல்; பிளாஸ்டிக் இழை என்றால் உருகிக் கட்டியாகிவிடும்.

நூறு வருஷப் பழசு என்கிறார், நம்பலாமா?

அபூர்வம். தேயத்தேயப் பயன்படுத்தி, தேய்ந்ததும் கழுதைக்குப் போர்த்தி, அதுவும் போனால் புதிதாக நெய்வதுதான் வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கம்பளம் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை அருங்காட்சியகங்களிலும் பெரிய சேகரிப்புகளிலும் இருக்கின்றன. 'விண்டேஜ்' என்று கடையில் வருவது பெரும்பாலும் 1960க்குப் பிந்தையது. புதுசைப் பழசாக்கவும் வழி இருக்கிறது: பிளீச், வெயிலில் மாதக்கணக்கில் காயப்போடுவது, தேயிலைத் தண்ணீர். மயிரை விரலால் பிளந்து அடிவேரைப் பாருங்கள். இயல்பாக வெளுத்தது நுனியில் வெளிர்ந்து, அடியை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அடர்த்தியாகும். நுனிமுதல் அடிவரை ஒரே வெளிறலும், தொட்டால் உடையும் கம்பளியும் இருந்தால் ரசாயன வேலை.

இந்த வெள்ளை பெனி உராயின் கம்பளம் மட்டும் ஏன் இவ்வளவு பிரபலம்?

ஐரோப்பிய, அமெரிக்கக் கட்டடக் கலைஞர்களால். கண்ணாடியும் கான்கிரீட்டுமாக வெறுமையான அறைகளைக் கட்டியவர்களுக்கு, பூவேலை இல்லாத, நிறம் இல்லாத, ஆனால் கையின் தடம் தெரிகிற தரைவிரிப்பு தேவைப்பட்டது. லெ கார்புசியே இவற்றை விரும்பிச் சேர்த்தார். ஃபிராங்க் லாய்ட் ரைட் 1930களில் கட்டிய ஃபாலிங்வாட்டர் வீட்டிலும் மொராக்கோ கம்பளங்கள் உண்டு. பிறகு உள்ளலங்காரப் பத்திரிகைகள், இன்ஸ்டாகிராம். கூடாரத்தில் போர்த்தியது சோபாவுக்கு முன்னால் வந்தது.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எது போலி என்று தெளிவாக வேண்டும். வட இந்தியாவில் பதோஹியிலோ பானிபட்டிலோ கையால் செய்த மொராக்கோ பாணிக் கம்பளம் மோசமான பொருள் இல்லை. அதை மொராக்கோ என்று விற்பதுதான் மோசம். இந்திய இணையக் கடைகளில் 'மொராக்கன்' என்று வருவதில் பெரும்பகுதி இவையோ, மெஷினில் அடித்த பாலிப்ரோப்பிலீனோதான்.

பின்பக்கம் திருப்புங்கள். ரப்பர் பூச்சு, ஒட்டிய துணி இருந்தால் பேச்சே வேண்டாம், அது முடிச்சுக் கம்பளம் இல்லை, இழையைக் குத்தி ஒட்டியது. முடிச்சு வரிசைகளும் நடுவே ஊடைப் பட்டைகளும் பின்னால் தெரிய வேண்டும், கொஞ்சம் கோணலாக. குஞ்சத்தைப் பாருங்கள்: அது பாவின் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், தனியாகத் தைத்திருக்கக் கூடாது. மொராக்கோ கம்பளங்களில் பல, ஒரு முனையில் மட்டும் குஞ்சத்தோடும் மறுமுனையில் முறுக்குக் கயிற்று விளிம்போடும் இருக்கும்; மேலே சொன்ன முளையடிப் பாவின் விளைவு அது. அகலமும் ஒன்று. வீட்டுத் தறியில் நெய்த பழையவை ஒன்றரை, இரண்டு மீட்டர் அகலத்தைத் தாண்டுவது அரிது, நீளம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். மூன்றுக்கு நான்கு மீட்டர் பழைய பெனி உராயின் என்று காட்டினால் சந்தேகப்படுங்கள்.

அரசு முத்திரை உண்டா?

உண்டு. பிரெஞ்சுக் காப்பாட்சியில், 1919இல், தரத்தை உறுதிசெய்யும் முத்திரைமுறை கொண்டுவரப்பட்டது. அந்தக் கால அதிகாரி ப்ரோஸ்பெர் ரிக்கார் மொராக்கோ கம்பளங்களைத் தொகுத்து நான்கு தொகுதிகளும் வெளியிட்டார். நல்லது கெட்டது இரண்டும் நடந்தது: கள்ளச் சாயம் குறைந்தது, 'இதுதான் இந்தக் குடியின் சரியான வடிவம்' என்று கம்பளத்தை அச்சில் வார்க்கும் பழக்கமும் வந்தது. விடுதலைக்குப் பிறகும் முத்திரை தொடர்ந்தது. ஆனால் வீட்டில் நெய்து சந்தைக்கு நேரே வருபவற்றில் பெரும்பாலும் எந்த முத்திரையும் இருக்காது, அதனால் இல்லாததை வைத்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம்.

நான் கொடுக்கும் காசு நெய்தவளுக்குப் போகிறதா?

பெரும்பாலும் சிறு பங்குதான். பெண் நெய்வாள், வீட்டு ஆண் வாரச்சந்தைக்குத் தூக்கிப்போவான், அங்கே ஒரு வியாபாரி, அவரிடமிருந்து மர்ரகேஷ். அங்கே ரஹ்பா கெதீமா சதுக்கத்தை ஒட்டி, கம்பள ஏலம் நடக்கும் முற்றம் ஒன்று உண்டு. பிற்பகலில் தரகர்கள் கம்பளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, விலையைக் கத்திக்கொண்டே சுற்றி வருவார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அதே முற்றத்தில் மனிதர்களை ஏலம் விட்டார்கள், அதையும் தெரிந்துகொண்டு நில்லுங்கள். ஏலத்தில் எடுக்கும் கடைக்காரர் சொல்லும் விலைக்கும், மலையில் கொடுக்கப்பட்ட விலைக்கும் நடுவே பல மடங்கு.

நகரத்துக் கம்பள ஆலைகளில் சிறுமிகளை வேலைக்கு வைத்த வரலாறும் இருக்கிறது. 2004இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம் குறைந்தபட்ச வயதை 15 ஆக்கியது. இப்போது பெண்கள் கூட்டுறவுச் சங்கங்கள் பல இருக்கின்றன. நெய்தவளின் பெயரும் படமும் போட்டு நேரடியாக விற்கும் சங்கங்களும் உண்டு. சங்கம் என்ற பலகை மட்டும் மாட்டிய கடைகளும் உண்டு. 'யார் நெய்தது, எந்த ஊர், எவ்வளவு கொடுத்தீர்கள்' என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

2023 செப்டம்பர் 8 இரவு உயர் அட்லஸில் 6.8 அளவு நிலநடுக்கம் வந்து 2,900 பேருக்கு மேல் இறந்தார்கள். மண்வீடுகள் இடிந்தபோது உள்ளே இருந்த தறிகளும் போயின. தறி நட ஒரு சுவரும் கூரையும் வேண்டும். நிவாரணக் கூடாரத்துக்குள் அது கஷ்டம்.

நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தாங்குமா?

வெயில் பிரச்சினை இல்லை, ஈரம்தான். கடலோர ஊரில், தரைத்தளத்தில், தடித்த பெனி உராயின் போட்டால் மழைக்காலத்தில் ஆட்டு வாடை எழும், அடியில் பூஞ்சை பிடிக்கும். ஹன்பெல் மாதிரி தட்டை நெசவு நமக்குப் பொருத்தம். மயிர்க்கம்பளம்தான் வேண்டும் என்றால் அடியில் காற்றுப்போகும் விரிப்பு போடுங்கள், ஈரத்துணி போட்டுத் துடைத்த தரையில் உடனே விரிக்காதீர்கள்.

வாக்குவம் கிளீனரில் சுழலும் பிரஷை நிறுத்திவிட்டு, மயிர் படியும் திசையில் இழுங்கள். முதல் சில மாதம் பஞ்சு உதிரும், புதுக் கம்பளிக்கு அது இயல்பு; ஆறு மாதத்துக்குப் பிறகும் குவியல் குவியலாக வந்தால் செத்த கம்பளி. ஏதாவது கொட்டினால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். வாஷிங் மெஷின், சுடுதண்ணீர், பிளீச் மூன்றும் ஆகாது, கம்பளி சுருங்கிக் கெட்டித்துவிடும்.

எடுத்து வைக்கும்போது பூச்சி அரிக்கிறதே?

அந்துப்பூச்சியின் புழு. இருட்டில், அசையாமல் கிடக்கும் கம்பளிதான் அதற்குப் பிடிக்கும். கட்டிலுக்கு அடியில் போட்ட பகுதியைத்தான் முதலில் தின்னும். வைக்கும்முன் நன்றாக வெயிலில் போட்டு, இரண்டு பக்கமும் தட்டி, மயிர் உள்பக்கமாக வரும்படி சுருட்டி, பருத்தித் துணியில் சுற்றுங்கள். மடிக்க வேண்டாம், பிளாஸ்டிக்கிலும் கட்ட வேண்டாம். அந்துருண்டை வாடையில் பூச்சி வராமல் இருக்கலாம், ஏற்கெனவே இட்ட முட்டை அதற்கெல்லாம் அசையாது. சில மாதத்துக்கு ஒருமுறை பிரித்து வெயில் காட்டுங்கள். ஏற்கெனவே அரித்த இடத்தில் மயிர் போயிருந்தாலும் பாவு அறுபடாமல் இருந்தால், கம்பள வேலை தெரிந்தவர் புதிதாக முடிச்சுப் போட்டுத் தருவார்.